ஓர் அரிசி அகலம்

அலங்கியம்,
8.2.2024

சிங்காநல்லூரில் இருக்கும் அண்ணன் லட்சுமணசாமி அவர்களுக்குத் தங்கை ராசாத்தாள் எழுதுவது.

நீங்கள் லாரி ஆபீசில் போட்டுவிட்ட பொம்மை வீடு வந்து சேர்ந்தது. சாக்கைப் பிரித்ததும் நவ்யா கூத்தாடிவிட்டாள். பேத்தி கூத்தாடினாள் என்பதால் நானும் கூத்தாடினேன் என்று நினைக்க வேண்டாம். பொருள் வந்தால் வந்தது என்று சொல்வது முறை. நம் ஆத்தா சொல்லிக்கொடுத்த முறை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

போனில் பேசமாட்டேன் என்று நான் சொன்னது சொன்னதுதான். பேசினாலும் உங்களுக்குக் கேட்காதாம், தீபக் சொல்கிறான். ஃபவுண்டரிச் சத்தம் காதைத் தின்றுவிட்டதாம். போகட்டும். கேட்க வேண்டிய காலத்தில் கேட்காத காது இப்போது கேட்டு என்ன ஆகப்போகிறது.

இது யாருடைய வீடு என்று தீபக்கிடம் கேட்டேன். “மாமா ஊடுதானுங்கம்மா, அப்படியே அச்சு” என்றான். பெற்ற மகனுக்கு அந்த வீட்டில் எத்தனை ரூம் என்று தெரிகிறது. எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டுக்காரி பூவாத்தாள் நங்கையா இறந்தபோதுகூட நான் தெருவில் போட்ட பந்தலில்தான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வாருங்கள் என்று உங்கள் மருமகள் பிரவீனா கையைப் பிடித்து இழுத்தாள். நான் போகவில்லை. அது உங்களுக்கும் தெரியும்.

இப்போது பாருங்கள், நான் நுழையாத வீடு என் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. முன்சுவர் கதவு மாதிரித் திறக்கிறது. நங்கையாவின் சமையற்கட்டைப் பார்த்தேன். சன்னல் கிழக்கே இருக்கிறது. நல்ல வெளிச்சம் வந்திருக்கும்.

ஒரு குறை. உள்கதவு எதற்கும் சுற்றுச்சட்டம் இல்லை. சட்டம் உட்காரப் பள்ளமாகக் காடி மட்டும் வெட்டியிருக்கிறது. பல் விழுந்த வாய் மாதிரி ஒவ்வொரு கதவும் நிற்கிறது. நம் அப்பன் பெற்ற மக்களில் வேலையை அரைகுறையாய் விடாதவர் என்று ஊரே உங்களைச் சொல்லும். எனக்கு என்று வந்தால் மட்டும் எப்படியோ ஒரு குறை வந்துவிடுகிறது.

வேறு சேதி இல்லை. மழை இல்லை. கிணற்றில் தண்ணீர் பரவாயில்லை.

ராசாத்தாள்


சிங்காநல்லூர்,
20.2.2024

அம்மணி ராசாத்தாளுக்கு அண்ணன் எழுதுவது.

கண்ணு, உன் கடிதம் கண்டேன். மூன்று முறை வாசித்தேன். திட்டித்தான் எழுதியிருக்கிறாய் என்றாலும் உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை காலமாயிற்று. ‘ழ’வை இன்னும் அப்படியேதான் வால் நீட்டி எழுதுகிறாய்.

பொங்கலுக்கு நவ்யாவைத் தீபக் கூட்டிவந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தப் பிள்ளை கேட்டது: “ஏனுங்க தாத்தா, எங்க அப்பத்தா மட்டும் ஏன் உங்க ஊட்டுக்கு வாரதே இல்லை?” மகன் திருமூர்த்தி உள்ளே போய்விட்டான். பிரவீனா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான்தான் அகப்பட்டுக்கொண்டேன். அப்பத்தாவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது கண்ணு என்றேன். “பழனிக்கு பஸ்ஸில்தானே போனாங்க” என்றது. உன் பேத்திதான், சந்தேகமே இல்லை.

அன்றைக்கு முடிவு செய்தேன். நீ இந்த வீட்டுக்கு வரப்போவதில்லை. வீடாவது உன்னிடம் வரட்டும். மாடியில் எனக்கு ஒரு பட்டறை மாதிரிப் போட்டுக் கொடுத்திருக்கிறான் திருமூர்த்தி. தேக்குத் துண்டுகள் கிடந்தன. செய்துவிட்டேன்.

உள்கதவுச் சட்டத்தை மறந்து விடவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். கதவு நிலை என்று வந்தால் அதற்குக் கூடப்பிறந்தவள் கை மஞ்சள் பட வேண்டும். அதுதானே நம் வழக்கம். இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. உனக்குப் புரியும்.

சட்டங்களை இழைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கதவுக்கு நிற்கிற சட்டம் இரண்டு, மேல்சட்டம் ஒன்று. மூலை சாய்வாக வெட்டி அனுப்புகிறேன், இரண்டு மூலையும் முகம் பார்த்து உட்காரும். பசையை மெல்லிசாகத் தடவு. நிற்கிறதை முதலில் வை, மேல்சட்டம் கடைசியில். துணியை வைத்து விரலால் அமுக்கிப் பிடித்தால் போதும், ஆணி வேண்டாம்.

பிரவீனா நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். நான் சாப்பிட்டேனா இல்லையா என்று சில நாள் அவளிடம்தான் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அண்ணன்


அலங்கியம்,
15.3.2024

அண்ணன் அவர்களுக்கு.

சட்டப் பொட்டலம் வந்தது. அதற்கு முன்னால் உங்கள் கடிதம் வந்தது. அதற்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இப்போது எழுத வேண்டியதாகிப் போயிற்று.

எனக்குப் புரியும் என்று எழுதியிருந்தீர்கள். புரிகிறதுங்க. நன்றாகவே புரிகிறது. நிஜ வீட்டுக்குக் கூப்பிடாதவளைப் பொம்மை வீட்டுக்குக் கூப்பிடுகிறீர்கள். நவ்யா மண்ணில் சோறு சமைத்துச் சாப்பிடச் சொல்வாள், நானும் வாயை மென்று காட்டுவேன். அது மாதிரி.

அந்த நாளை நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. வைகாசி கடைசி வெள்ளிக்கிழமை. அண்ணன் கோயமுத்தூரில் வீடு கட்டுகிறார், நிலை வைக்கிறார் என்று பால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லிவிட மறந்திருப்பார்கள், வேலைத் தொந்தரவு என்று நானே உங்களுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டேன். விடியலில் பஸ் ஏறினேன். நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து கைப்பையில் வைத்திருந்தேன். கொம்பு மஞ்சளைக் கையால் இடித்து எடுத்துவந்திருந்தேன், கடை மஞ்சள் உங்களுக்குப் பிடிக்காது என்று.

நான் வந்து சேரும்போது நிலை நின்றுவிட்டது. தேக்கு நிலை. நங்கையாவின் தங்கச்சி மாம்பழக் கலர் பட்டில் மஞ்சள் கையோடு நின்றாள். நிலையில் அவள் விரல் அஞ்சும் பதிந்திருந்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். செங்கல் அடுக்குக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தீர்கள். பார்த்துவிட்டு மேஸ்திரியிடம் என்னவோ பேசப் போய்விட்டீர்கள். வா என்று ஒரு வார்த்தை இல்லை. நம் பக்கத்தில் பகையாளி வாசலுக்கு வந்தால்கூட வாங்க என்றுதான் சொல்வார்கள்.

நவ்யாவின் அப்பாரு, என் வீட்டுக்காரர், போய் அப்போது வருசம் திரும்பவில்லை. என் நெற்றியில் பொட்டு இல்லை. அதுதான் காரணம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஊரில் எத்தனை பேர் என்னைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர்கள் என் அண்ணன் இல்லை.

ஒன்றே ஒன்று மட்டும் தெரிய வேண்டும். என்னைக் கூப்பிட வேண்டாம் என்றது நங்கையாவா, நீங்களா? நங்கையா சொல்லியிருந்தால் நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? இதை மட்டும் எழுதுங்கள். அந்த நவதானிய முடிச்சை இன்றுவரை நான் அவிழ்க்கவில்லை. பெட்டியில் இருக்கிறது.

இனி உங்கள் சட்டத்துக்கு வருகிறேன். ஒட்டக் கூடாது என்றுதான் நினைத்தேன். நவ்யா விடவில்லை. தேங்காய்ச் சிரட்டையில் பசையை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சரி என்று ஒன்றை எடுத்து வைத்தேன். உட்காரவில்லை. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் உட்காரவில்லை. நிற்கிற சட்டம் ஒவ்வொன்றும் காடியைவிட ஓர் அரிசி அகலம் நீளம். எல்லாமே அதே அரிசி அகலம். கை தவறினால் ஒன்று தவறும், இரண்டு தவறும். எல்லாம் ஒரே மாதிரித் தவறுமா?

மயிர் கனம் பிசகினால் மரத்தைத் தூக்கிப் போடுகிறவர் நீங்கள். எனக்கு வேண்டுமென்றே நீளமாக வெட்டி அனுப்பியிருக்கிறீர்கள். அண்ணா, சேரவில்லையே, வந்து சரிசெய்து கொடுங்க என்று நான் கெஞ்ச வேண்டும். அதுதானே? கெஞ்சமாட்டேன்.

ராசாத்தாள்


சிங்காநல்லூர்,
2.4.2024

அம்மணிக்கு.

உன் கடிதம் வந்தது. சட்டம் நீளம் என்று எழுதியிருக்கிறாய். நீளமாகத்தான் இருக்கும் கண்ணு, அதற்கு ஏன் இத்தனை கோபம். நீ ஃபவுண்டரி ஷாப்புக்குள் வந்து பார்த்ததில்லை, அதனால் தெரியவில்லை.

மரத்தில் நாங்கள் செய்வது வெறும் மாதிரி உருவம்தான். அதை மண்ணில் பதித்து, அந்தக் குழியில்தான் இரும்பைக் காய்ச்சி ஊற்றுகிறார்கள். இரும்பு ஆறினால் சுருங்கும். அதனால் எங்கள் ஸ்கேலே தனி. ஓர் அங்குலம் என்று போட்டிருக்கும், ஆனால் கடை ஸ்கேலின் அங்குலத்தைவிட ஒரு துளி கூட இருக்கும். ஆறும்போது அந்தத் துளி தானாகக் கழிந்துவிடும். பம்பு ஆனாலும் சரி, மோட்டார் உடம்பு ஆனாலும் சரி, அந்த ஸ்கேலில்தான் அளக்க வேண்டும். இதில் பிசகினால் ஃபோர்மேன் லேசில் விடமாட்டார்.

ஆகவே நீ மரத்தை வெட்டிவிடாதே. வார்ப்பு வந்து ஆறட்டும். எல்லாம் தன் இடத்தில் உட்காரும்.

என்னவோ கேட்டிருந்தாய். வாசித்தேன். யார் நிலையோ, யார் தங்கச்சியோ, பட்டோ. எனக்குக் கோர்வையாக வரவில்லை. வீடு இன்னும் கடைக்காலே எடுக்கவில்லையே அம்மணி. மனை வாங்கிப் போட்டதோடு சரி. பூவாத்தாள்தான் அவசரப்படுகிறாள்.

மாப்பிள்ளைக்கு நெஞ்சுவலி எப்படி இருக்கிறது? தாராபுரம் டாக்டரை நம்பி இருக்க வேண்டாம். இங்கே கூட்டி வா. பெரிய ஆஸ்பத்திரியில் எங்கள் ஷாப்பு ஆள் ஒருவருக்குத் தெரிந்தவர் இருக்கிறார். காட்டிவிடலாம். தள்ளிப்போடாதே.

ஷிப்டுக்கு நேரமாயிற்று. சைக்கிளை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

உன் அண்ணன்


அலங்கியம்,
6.5.2024

அண்ணனுக்கு.

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. முதலில் கிண்டல் செய்கிறீர்கள் என்று நினைத்தேன். மாப்பிள்ளைக்கு நெஞ்சுவலி எப்படி இருக்கிறது என்ற வரி வந்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அந்த மாதிரிக் கிண்டல் நீங்கள் செய்யமாட்டீர்கள்.

பிரவீனாவுக்குப் போன் போட்டேன். பேச்சில்லாதது உங்களோடுதான், அந்தப் பெண்ணோடு எனக்கென்ன. ஒரு வருசத்துக்கு மேலாகவே இப்படித்தானாம். சில நாள் தெளிவாம், சில நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தேடுகிறீர்களாம். பொம்மை வீட்டைச் செய்த வரைக்கும் தெளிவாகத்தான் இருந்தீர்களாம். சட்டம் இழைக்கும்போதுதான் பெட்டிக்கு அடியிலிருந்து பழைய ஸ்கேலை எடுத்தீர்களாம். ஏனம்மா எனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா நீங்க வந்திருப்பீங்களாங்க அத்தை?” என்றாள். நல்ல பெண் அவள், குத்திக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் போனை வைத்துவிட்டேன்.

இத்தனை வருசமும் இதே கேள்வியோடுதான் தூங்கி எழுந்தேன். நீங்களா, நங்கையாவா. கேட்டால் என் மதிப்புக் குறையும் என்று கேட்கவில்லை. அவர் வாயால் வரட்டும் என்று இருந்தேன். நீங்களும் இருந்தீர்கள். நங்கையா போய்விட்டாள். இப்போது நான் கேட்கிறேன், பதில் சொல்ல வேண்டியவர் அந்த வீட்டுக்குக் கடைக்காலே எடுக்கவில்லை என்கிறார். இனி அந்த வெள்ளிக்கிழமை என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. இரண்டு பேர் சுமந்தால் பகை. ஒருத்தி மட்டும் சுமந்தால் அதற்குப் பேர் என்னவோ, எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் வெட்டாதே என்று எழுதியிருந்தீர்கள். நான் அதற்கு முன்னாலேயே ஒன்றைத் தேய்த்துப்போட்டேன். சமையற்கட்டுக் கதவுக்கு. உப்புத்தாளில் நுனியைத் தேய்த்தேன். கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தேய்த்ததில் அளவு தப்பிவிட்டது. இப்போது மேல்மூலையில் சந்து தெரிகிறது. எட்டத்தில் நின்று பார்த்தால் தெரியாது என்று நவ்யா சொல்கிறாள். எனக்குத் தெரியும். மற்ற சட்டங்களை அப்படியே துணியில் சுற்றி வைத்துவிட்டேன். அவற்றை யாரும் தேய்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று எழுத வேண்டும். மாப்பிள்ளை சுகம் என்று எழுதிவிடலாம் என்று பார்த்தேன். பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. அவர் போய்விட்டாருங்கண்ணா. வலி வந்து, வண்டி கட்டுவதற்குள் முடிந்துபோயிற்று. உங்களுக்கு ஆள் அனுப்பினோம். நீங்கள் வந்தீர்கள். அவரைத் தூக்கும்போது முன்னால் தோள் கொடுத்தது நீங்கள்தான். திரும்பி வந்து, “நான் இருக்கேன் அம்மணி” என்று என் தலையைத் தொட்டுச் சொன்னீர்கள். அதையும் நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் அந்த வெள்ளிக்கிழமை எனக்கு அத்தனை வலித்திருக்காது.

வேளைக்குச் சாப்பிடுங்கள். சைக்கிளை யாரும் எடுத்துப் போகவில்லை. அதைத் தேடி வெயிலில் அலைய வேண்டாம்.

ராசாத்தாள்


சிங்காநல்லூர்,
5.6.1991

அம்மணி ராசாத்தாளுக்கு அண்ணன் எழுதுவது.

கண்ணு, மாப்பிள்ளை போன சேதியை உன் கடிதத்தில் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். சின்ன வயசு. உனக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. நான் இருக்கிறேன். அதை மட்டும் மறந்துவிடாதே.

ஒரு நல்ல காரியம் எழுத வேண்டும். இந்த நேரத்தில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாமல் இருந்தால் பின்னால் வருத்தமாகிவிடும் என்று ஏனோ தோன்றிக்கொண்டே இருக்கிறது. வைகாசி கடைசி வெள்ளிக்கிழமை வீட்டுக்கு நிலை வைக்கிறோம். தேக்கு நிலை. நானே பார்த்துப் பார்த்து இழைத்தது.

பூவாத்தாள் ஒன்று சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறாள். பொட்டு அழித்தவள் கையால் மஞ்சள் பூசினால் வீட்டுக்கு ஆகாதாம். “உங்க தங்கச்சியைக் கூப்பிட வேண்டாமுங்க, என் தங்கச்சி பூசட்டும்” என்றாள். நான் அப்போது வாயே திறக்கவில்லை. பேசாமல் இருந்துவிட்டேன். அது மனசில் முள்ளாகக் கிடக்கிறது. அதனால்தான் அவள் பார்க்காத நேரமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீதான் வர வேண்டும். நீதான் பூச வேண்டும். யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும். நீ வந்து சேரும் வரைக்கும் நிலையைத் தூக்கி நிறுத்த விடமாட்டேன். மேஸ்திரியிடம் சொல்லிவிடுகிறேன். கூடப்பிறந்தவள் வராமல் என்ன வீடு அது.

கொம்பு மஞ்சள் இடித்துக் கொண்டு வா. கடை மஞ்சள் எனக்குப் பிடிக்காது.

இங்கே ஒரு பெண் இருக்கிறாள். யார் வீட்டுப் பெண்ணோ. ருசியாகச் சமைக்கிறாள். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டித் தரச் சொன்னேன். வாசித்துவிட்டு அழுகிறாள்.

உன் அண்ணன்


அலங்கியம்,
10.6.2024

அண்ணனுக்கு.

கடிதம் கிடைத்தது. நீங்கள் போட்டிருந்த தேதியைத் தீபக் பார்த்துவிட்டு, “வருசம் தப்பா இருக்குங்கம்மா” என்றான். தப்பு இல்லை, அது வர வேண்டிய தேதிதான், வழியில் கொஞ்சம் நின்றுவிட்டது என்றேன்.

நங்கையா பயத்தில்தான் சொன்னாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கும். அவள் இருக்கும்போது இது தெரிந்திருந்தால் ஒரு நாளாவது அவள் கையால் காப்பி வாங்கிக் குடித்திருப்பேன். கிழக்குச் சன்னல் வைத்த அந்தச் சமையற்கட்டில் உட்கார்ந்து.

வெள்ளிக்கிழமை வாரேன். தீபக் காரில் கூட்டிப்போகிறேன் என்கிறான். வேண்டாம் என்றுவிட்டேன். அன்றைக்கு பஸ்ஸில்தானே வந்தேன்.

பெட்டியில் இருந்த முடிச்சை நேற்று அவிழ்த்தேன். தானியம் எல்லாம் உளுத்து மாவாகிக் கிடந்தது. துணிக்குக் கூட நிறம் போய்விட்டது. மாட்டுக் கொட்டத்துப் பக்கம் கொட்டிவிட்டேன். புதிதாக முடிந்துவைத்திருக்கிறேன். மஞ்சள் இடித்தாயிற்று. உரலில் நவ்யாவும் இரண்டு குத்துக் குத்தினாள்.

சட்டங்களையும் கொண்டு வாரேன், பொம்மை வீட்டையும்தான். பாதி பஸ்ஸை அதுவே அடைத்துக்கொள்ளும், கண்டக்டர் கத்தினால் கத்தட்டும். நீளத்தை நீங்கள் பாருங்கள். ஆறிச் சுருங்கும் வரைக்கும் காத்திருக்கலாம் என்றால் காத்திருக்கலாம். இல்லை, உங்கள் கையால் இழைத்துக் கொடுப்பதென்றால் கொடுங்கள். நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், நான் ஒட்டுகிறேன். சமையற்கட்டுக் கதவு மட்டும் நான் கெடுத்தது கெடுத்ததுதான். சந்து அப்படியே இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று. நான் வந்து நிற்கும்போது நீங்கள் எந்த வருசத்தில் இருப்பீர்களோ தெரியாது. உங்கள் தங்கச்சி கறுத்த தலையோடு வருவாள் என்று வழி பார்த்திருப்பீர்கள். நரைத்த கிழவி ஒருத்தி பையும் பெட்டியுமாக வாசலில் நின்றால் அடையாளம் தெரியாமல் போகலாம். தெரியாவிட்டால் பரவாயில்லைங்கண்ணா. யாரோ என்று நினைத்தாவது, “உள்ள வாங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்கள். நான் வந்துவிடுவேன்.

ராசாத்தாள்